கோழிக்காசு

அவரை ‘அவர்’ என்று எழுதுவது பழக்க தோஷம். இரண்டரை வருடம் எதிரில் நின்று ‘ஐயா’ என்றும் ‘முதலாளி’ என்றும் கூப்பிட்ட வாய் இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. யாரும் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரையும் எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. தன் பெயரை எங்காவது எழுத்தில் பார்ப்பதென்றால் அந்த மனிதருக்கு அப்படி ஒரு ஆசை. ஊர் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்துவிட்டு, உட்காருகிறவன் முதுகில் பதிகிற மாதிரி தன் பெயரைப் புடைப்பாக எழுத வைத்தவர். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

கொள்ளிடக் கரையோரம் வாழைத் தோட்டங்களுக்குப் பின்னால் அவருடைய செங்கல் சூளை இருந்தது. தஞ்சாவூரில் பி.காம். முடித்து, இரண்டு வருடம் வங்கித் தேர்வு எழுதி எதிலும் தேறாமல், கடைசியில் அங்கே கணக்கு எழுதப் போனேன். மாதம் ஒன்பதாயிரம். கணக்கு எழுத என்று எடுத்தவர் ஒரே வாரத்தில் என்னைக் கடையிலும் நிற்க வைத்துவிட்டார். சூளைக்குள்ளேயே, கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம், தகரம் வேய்ந்த மளிகைக் கடை. அரிசி, எண்ணெய், சோப்பு, வெற்றிலை, தலைவலி மாத்திரை எல்லாம் உண்டு. விலையைச் சிலேட்டில் சாக்பீஸால் எழுதுவார். அச்சடித்து ஒட்டினால் மாற்றுவது கஷ்டம் அல்லவா?

ஆளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் பவழ மோதிரம். பையில் பேனாதான் இருக்குமே தவிர ஒரு பத்து ரூபாய்த் தாளை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் நாலு பேரோடு நின்று இரண்டு வடையும் டீயும் சாப்பிடுவார். காசு கொடுக்கும் நேரத்தில் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். பிறகு வேட்டி மடிப்பைத் தடவுவார். “பர்ஸ வண்டிலயே வச்சிட்டு வந்துட்டேன் போலருக்கே” என்பார். வண்டி பத்தடி தள்ளித்தான் நிற்கும். அந்தப் பத்தடியை அவர் நடந்து நான் பார்த்ததே கிடையாது. யாராவது ஒருவர் கொடுத்துவிடுவார்கள். பல நாள் அந்த யாராவது நானாகத்தான் இருந்தேன்.

காசு மேல் ஆசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். காசு மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை? இவருக்கு இருந்தது வேறு வியாதி. தன் கையை விட்டுப் போன எதுவும் தன் கேட்டைத் தாண்டக் கூடாது. கூலி கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தினமும் பல்வலி மாதிரி. அந்த வலிக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் கோழிக்காசு.

விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து தை பிறந்ததும் நாற்பது குடும்பம் லாரியில் வந்து இறங்கும். புருஷன், பெண்டாட்டி இருவரும் சேர்ந்து கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வரும்போதே முன்பணம் வாங்கியிருப்பார்கள். கூலியில் பாதி அதற்குக் கழியும். மீதிப் பாதியை வாராவாரம் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். அதை ரூபாயாகக் கொடுக்காமல் அலுமினிய வில்லையாகக் கொடுப்பார். பத்து, ஐம்பது, நூறு என்று எண் குத்திய வட்ட வில்லை. அந்த வில்லை செல்லுபடியாகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். இடது பக்கம் இருக்கிற அந்தத் தகரக் கடை.

அதை அடிக்கக் கொடுத்த நாளில் நானும் கூடப் போனேன். என் பைக், என் பெட்ரோல், பின்னால் அவர். தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கோயிலில் செருப்பு விடுகிற இடத்துக்கும் வில்லை அடித்துக் கொடுக்கும் பட்டறை. ஒரு பக்கம் எண் இருக்கட்டும், மறுபக்கம் தன் முகம் வேண்டும் என்றார் இவர். பட்டறைக்காரர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“முகமெல்லாம் இதுல வராதுங்க. அச்சு வெட்டணும்னா மெட்ராஸுக்குத்தான் போவணும். பூ, பறவை ஏதாச்சும் சொல்லுங்க, போட்டுத் தரேன்.”

“அப்ப மயிலு போடுங்க. தோகைய விரிச்சாப்ல.”

“விரிச்சா வேல கூடும், செலவும் கூடும்.”

செலவு கூடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டது. பத்து நாள் கழித்து மூட்டையாக வந்து இறங்கியதைப் பார்த்தால், கொண்டையும் வாலுமாக அசல் நாட்டுக்கோழி. அன்று சாயங்காலமே சூளை முழுக்க அதற்குக் கோழிக்காசு என்று பேராகிவிட்டது. “எண்ணெ எத்தனை கோழி?” என்று பெண்கள் கேட்பார்கள். “மயிலுன்னு சொல்லுங்கடி” என்று இவர் கத்துவார். சொல்லமாட்டார்கள். அந்தச் சூளையில் அவர்கள் அவருக்கு எதிராகச் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

வெளியே நூறு ரூபாய்க்கு விற்கும் எண்ணெய் உள்ளே நூற்றைம்பது கோழி. கேட்டால், “லாரி வாடகை யாரு குடுக்கறா? வெளில போயி வாங்கிக்கயேன்” என்பார். வெளியில் அந்த வில்லையை நாய்கூட மோந்து பார்க்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ராசு என்று ஒரு பையன், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டிக்குப் பெரிய கோயிலைக் காட்டுகிறேன் என்று தலை சீவி, பவுடர் போட்டு, கை நிறையக் கோழிக்காசோடு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டான். புதிதாக வந்தவன். எண் போட்டிருந்தால் காசு என்று நினைத்துவிட்டான். கண்டக்டர் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தக் கோயில்ல செருப்பு விட்ட டோக்கன் இது?” என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸே சிரித்திருக்கிறது. அடுத்த நிறுத்தத்தில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்தே திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் புதுப் புடவையில் இருந்தாள்.

இதைக் கேட்டு இவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார். “பாத்தியா தம்பி! என் காசு என்னய விட்டு எங்கயும் போவாது. சுத்திச் சுத்தி எங்கிட்டதான் வரும். அதுக்கு அவ்ளோ பாசம்.” இதை ஒரு வாரம் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மனுஷ ஜென்மம்தானா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

சூளையின் மேற்கு மூலையில் ஒரு முனீஸ்வரன் உண்டு. நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் அங்கே படையல் போடுவார்கள். அதற்கு எதிரில் உண்டியல் ஒன்று வைத்தார். இந்த மனிதருக்கா பக்தி என்று நானே ஆச்சரியப்பட்டேன். கல் வெடிக்காமல் வேக வேண்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று அந்தப் பெண்கள் பத்துப் பத்துக் கோழியாக அதில் போட்டார்கள். மாதம் ஒரு நாள் இவர் குளித்து, திருநீறு பூசி, பயபக்தியோடு பூட்டைத் திறந்து, துண்டில் கொட்டி எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து கல்லாவில் போடுவார். எண்ணக்கூட மாட்டார். சாமிக்குப் போட்டது அல்லவா, எண்ணுவது பாவமாம்.

ஒரு தடவை ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கடை மேஜைமேல் வில்லைகள் சிதறிக் கிடந்தன. இவர் அசரவில்லை. “கல்லு எண்றதுக்கு டோக்கன் சார். படிக்காத சனம், எண்ணிக்கை தவறிடும்” என்றார். அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, “கோழி நல்லாருக்கு” என்றார். இவர் முகம் சுண்டிப்போனது. “மயில் சார்” என்று மெல்லிய குரலில் திருத்தினார். அதிகாரி இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாற்பது குடும்பத்தின் கூலி மேஜைமேல் கிடந்தபோது கலங்காத மனிதர், கோழி என்றதற்கு அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

எனக்குச் சம்பளம் ரூபாயில்தான். மாதம் ஒன்றாம் தேதி கவரில் வைத்துக் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம், “உனக்கு நோட்டாவே தரேன் பாரு” என்பார். நானும் ஏதோ அவர் வீட்டுச் சொத்தில் பங்கு கொடுத்த மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்போது அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் புருஷனும் நாலாவது வருடமாக வருகிறவர்கள். ஊரில் அக்கா வீட்டில் ஒரே மகளை விட்டுவிட்டு வருவாள். அந்தப் பெண் அந்த வருடம் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸிங் சேர வேண்டும் என்று ஆசை. சேரும்போது எட்டாயிரம் கட்ட வேண்டும் என்று அஞ்சலை தையிலேயே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். “ஏந்தம்பி, இந்தக் கோழிய செலவு பண்ணாம சேத்து வச்சா, போறப்ப பணமா குடுத்துடுவாங்கல்ல?”

அதுவரை யாருக்கும் மிச்சமே வந்ததில்லை. அதனால் யாரும் கேட்டதும் இல்லை. கணக்குப்படி அது அவளுடைய கூலி. “குடுத்துத்தானே ஆவணும்” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கடைப் பக்கம் வருவது குறைந்துபோனது. தீப்பெட்டிக்கும் உப்புக்கும் மட்டும் வருவாள். விடியுமுன்பே மண் மிதித்து, கல் அறுத்து, வெயில் ஏறி, பத்து மணிக்கு மேல் மற்றவர்கள் படுத்துத் தூங்கும் நேரத்தில் கையில் ஒரு கூடையோடு வெளியே கிளம்பிவிடுவாள். தை, மாசியில் அறுவடை மெஷின் போன வயல்களில் உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்கினாள். அதை ஊர் மில்லில் கொடுத்து, அரைவைக் கூலிக்கு ஒரு பங்கு விட்டுவிட்டு அரிசியாக்கினாள். பங்குனியில் வாய்க்கால் வற்றி அங்கங்கே குட்டை நின்றபோது கெளுத்தியும் குரவையும் பிடித்தாள். நத்தை பொறுக்கினாள். வாழைத் தோட்டத்தில் விழுந்த தண்டையும், வரப்பில் முளைத்த கீரையையும் விடவில்லை. ஒரு நாள் நான் பைக்கில் போகும்போது முழங்கால் சேற்றில் நின்று நண்டு வளைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். “ரசம் வக்க தம்பி, சளிக்கு நல்லது” என்றாள். ஆறு மாதம் அந்த வீட்டில் யாருக்கு அப்படி என்ன ஓயாத சளி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சலை கடைக்கு வந்தாள். பின்னால் புருஷன், கை கட்டிக்கொண்டு. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை மேஜைமேல் அவிழ்த்தாள். எட்டாயிரத்து முந்நூற்று நாற்பது கோழி. நூறுகளைத் தனியாகவும் ஐம்பதுகளைத் தனியாகவும் நூலில் கட்டியிருந்தாள்.

“ஐயா, இத பணமா குடுத்துடுங்க. திங்கக்கெழம புள்ளைய நர்ஸிங்ல சேக்கணும். அன்னிக்கு விட்டா எடம் போயிடுமாம்.”

அவர் அந்த வில்லைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருடன் வீட்டிலேயே யாரோ புகுந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம். தன் கடைக்கு வராமலே இவ்வளவு காசு இருக்க முடியும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

“இது ஏது உனக்கு?”

“வாரா வாரம் நீங்க குடுத்ததுதாங்கய்யா.”

“நான் குடுத்தது நீ திங்கறதுக்கு. நீ தின்னியா இல்லியா?”

“தின்னோம்யா.”

“எதத் தின்ன? என் கடைல அரிசி வாங்கல, எண்ணெ வாங்கல. மண்ணத் தின்னியா?” குரல் ஏறியது. “ஆறு மாசம் ரெண்டு உசுரு என்னத்தத் தின்னு கல்லு அறுத்துச்சு? கல்லால கை வச்சிருக்க. இல்லன்னா உண்டியல்ல கை வச்சிருக்க. சாமி காசு!”

உண்டியல் காசு எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே மனிதர் அந்த இடத்தில் அவர்தான். இல்லை, நானும் இருந்தேன்.

அஞ்சலை அழவில்லை. கதிர் பொறுக்கியதைச் சொன்னாள். மீனைச் சொன்னாள், நத்தையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அவள் ஏதோ பொய்க்கதை அளக்கிறாள் என்பது போல அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள். “தம்பி பாத்துருக்காரு. கேளுங்கய்யா.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ படிச்சவன். நீயே சொல்லு தம்பி. கடைல வாங்காம ஒரு குடும்பம் ஆறு மாசம் ஓட்ட முடியுமா?”

அவர் கேட்டது, பார்த்தாயா என்று அல்ல, முடியுமா என்று. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு வைக்கவில்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. “எப்படிங்க முடியும்?” என்றேன்.

அவர் கையாலேயே வில்லைகளை மேஜை விளிம்புக்குத் தள்ளி, இழுப்பறையில் விழ வைத்தார். நூல் அறுந்து ஒரு சில கீழே உருண்டன. அதையும் குனிந்து பொறுக்கினார். அவர் எதற்காகவும் குனிந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். “போலீசுக்குப் போவாம விடறேன். அதுவே பெரிசு. போயி வேலயப் பாரு” என்றார். அஞ்சலை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தத் திங்கட்கிழமை போய்விட்டது. இடமும் போய்விட்டது.

அடுத்த தையில் லாரி வந்து இறங்கியபோது அஞ்சலையும் புருஷனும் இறங்கினார்கள். மறுபடி முன்பணம் வாங்கியிருந்தார்கள். கூடவே மகளும் இறங்கினாள். படிப்பு இல்லை என்றான பிறகு வீட்டில் வைத்துச் சோறு போடுவதற்குப் பதில் அந்த இரண்டு கையும் கல் அடுக்கட்டுமே என்று கூட்டி வந்துவிட்டார்கள். ஒல்லியான பெண். அம்மாவுடைய சிரிப்பு. சூளைக்குள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு இன்னும் வேகாத பச்சைக் கல்லைத் தூக்கி அடுக்குவாள். ஒரே மாதத்தில் கை இரண்டும் தோல் உரிந்துபோனது.

நான் அந்த வருடம் பங்குனி வரைதான் இருந்தேன். நியாயத்துக்காக வேலையை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். தஞ்சாவூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் பதிமூன்றாயிரம் தருகிறேன் என்றார்கள், போனேன். அவ்வளவுதான். இன்றைக்கு யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், இரத்தம் உறிஞ்சி, அற்பன், ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம் என்று மணிக்கணக்காகச் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு விஷயத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால், அந்தப் பெண் கடைக்கு வந்து குளிக்கிற சோப்பு ஒன்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததும் திருப்பிப் பார்த்தாள். படித்த பெண் அல்லவா, சின்ன எழுத்தையும் படித்தாள்.

“அண்ணே, இதுல பதினெட்டுன்னு போட்டுருக்கே?”

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் காலையிலேயே கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வர இருட்டிவிடும். பதினெட்டுக்கே கொடுத்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. சும்மாவே கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

“இங்க முப்பது” என்றேன்.

தோல் உரிந்த கையால் மூன்று பத்தை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதைக் கல்லாவில் போட்டேன்.